சுவருக்கு அந்தப் பக்கத்துத் தேன்சிட்டு

பிரேசர் டவுன், பெங்களூரு,
26.2.2025

மதிப்புக்குரிய ஃபாத்திமா டீச்சர் அவர்களுக்கு,

பதினெட்டு வருடமாகப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு, உங்களுக்குக் கடிதம் எழுத வேண்டிவரும் என்று நினைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இரண்டு முறை போன் செய்து பார்த்தேன். என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று புரிந்தது. நேரில் வந்து மணி அடிக்கத் தைரியம் இல்லை. கேரல் இருந்திருந்தால் அவளே உங்கள் சமையலறையில் வந்து உட்கார்ந்து பேசி முடித்திருப்பாள். எங்கள் மகளின் பிரசவத்துக்காக மெல்போர்ன் போனவள் திரும்பி வர இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அதனால்தான் உங்கள் கேட்டில் இருக்கும் தபால் பெட்டியில் இதைப் போடுகிறேன்.

அன்று காலை பால் பூத்தில் ஏழெட்டுப் பேர் நிற்கும்போது, "எங்க வீட்டுப் பொண்ணப் படம் புடிக்கத்தான் செவுத்துல ஏறி நிக்கிறீங்களா?" என்று கேட்டீர்கள். நான் பால் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

நடந்தது இதுதான். உங்கள் பின்கட்டில், சன்ஷேடிலிருந்து பழைய கேபிள் வயர் ஒன்று தொங்குகிறது அல்லவா, அதன் நுனியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டுகிறது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். சிலந்தி வலை, காய்ந்த புல், மரப்பட்டைத் தூள், புழுவின் எச்சம் எல்லாவற்றையும் ஒட்டி ஒட்டி ஒரு சுருக்குப்பை மாதிரி தொங்கவிட்டிருக்கிறது. என் கொய்யா மரத்தடியில் ஸ்டூல் போட்டு ஏறினால்தான் அது தெரியும். உங்கள் வீட்டு மனிதர்கள் யாரையும் நான் படம் எடுத்ததில்லை.

உங்களுக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தே முப்பத்துநாலு வருடம் போனது. ஓய்வு பெற்ற பிறகுதான் வெளிச்சத்தில் எதையாவது எடுக்கலாம் என்று இந்தக் கேமரா வந்தது. ஓணான், எலுமிச்சை இலைப் புழு, குக்குறுவான், ஒருநாள் தண்ணீர்த் தொட்டிக்கு வந்த கீரி, எல்லாம் என் நாலு சென்ட் தோட்டத்துக்குள் கிடைத்தவைதான்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஒட்டடை என்று நினைத்து அந்தக் கூட்டைத் தட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஃபிராங்க்ளின்


28.2.2025

திரு. ஃபிராங்க்ளின் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பதில் எழுதத் தேவையில்லை என்று என் தம்பி இக்பால் சொன்னான். கணக்கு டீச்சருக்கு ஒரு பழக்கம் உண்டு. விடை தவறு என்றால் எந்த வரியில் தவறு என்று சொல்லாமல் தாளைத் திருப்பித் தர மாட்டோம். அதனால் எழுதுகிறேன்.

என் மகள் சபீஹா ஏன் ஆகஸ்டிலிருந்து கல்லூரிக்குப் போகவில்லை என்று கேரல் அக்கா ஒருமுறை கேட்டார்கள். மஞ்சள் காமாலை என்று சொன்னேன். பொய். கல்லூரி விழாவில் கூடப் படிக்கும் பையன் எடுத்த படத்தில் இருந்து அவள் முகத்தை மட்டும் வெட்டி, வேறு எதிலோ ஒட்டி, நூறு பேருக்கு அனுப்பினான். இருபது வயதுப் பெண். மூன்று மாதம் அறையை விட்டு வரவில்லை. அவள் அத்தா மஸ்கட்டிலிருந்து தினமும் போனில் அழுகிறார். போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறோம், நடந்துகொண்டிருக்கிறது. ஜனவரியில்தான் துணி காயப்போடப் பின்கட்டு வரை வர ஆரம்பித்தாள். அதுவும் யாரும் பார்க்காத இடம் என்பதால்.

அங்கே போய்ச் சுவருக்கு மேல் அவ்வளவு நீள லென்ஸைப் பார்த்தால் நான் என்ன நினைப்பேன்? பறவை என்றா?

மன்னிப்புக் கேட்க நான் இதை எழுதவில்லை. துணிக்கொடியை மொட்டை மாடிக்கு மாற்றிவிட்டேன். இனி ஸ்டூல் போடாதீர்கள்.

கூட்டைப் பார்த்தேன். நல்லவேளை, வியாழக்கிழமை ஒட்டடை அடிப்பதாக இருந்தேன். அது அங்கேயே இருக்கட்டும்.

ஃபாத்திமா


4.3.2025

ஃபாத்திமா டீச்சர் அவர்களுக்கு,

சபீஹாவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பக்கம் திரும்பியே இருக்க மாட்டேன் என்று எழுத வந்தேன். எழுதிவிட்டு அடித்தேன். ஏனென்றால் போன கடிதத்தில் நான் உங்களுக்கு ஒரு பொய் எழுதியிருக்கிறேன்.

உங்கள் வீட்டு மனிதர்கள் யாரையும் படம் எடுத்ததில்லை என்றேன். எடுத்திருக்கிறேன், ஒரு படம். பிப்ரவரி பதினாறாம் தேதி. பெண் சிட்டு வாயில் பஞ்சு நூலுடன் வயரில் உட்கார்ந்திருக்கிறது, இறகு ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்திருக்கிறது. பின்னால், மங்கலாக, சபீஹா கையைத் தூக்கித் துணி போட்டுக்கொண்டிருக்கிறாள். முகம் தெரியாது. ஆனால் யார் என்று எனக்குத் தெரியும். அன்றே அழித்திருக்க வேண்டும். பறவை அவ்வளவு நன்றாக வந்திருந்ததால் அழிக்கவில்லை. மங்கலாகத்தானே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் பெண் நோயாளி வந்தால் ஒரு நர்ஸ் உடன் நிற்காமல் நான் மெஷினைத் தொட்டதே இல்லை. அந்த ஒழுங்கு முப்பத்துநாலு வருடம் இருந்தது. சொந்தக் கொய்யா மரத்தடியில் அது எங்கே போனது என்று தெரியவில்லை. ஆகவே நீங்கள் பால் பூத்தில் நின்று கேட்டது முழுக்கத் தவறு இல்லை.

இத்துடன் உள்ள கவரில் கேமராவின் மெமரி கார்டு இருக்கிறது. கம்ப்யூட்டரில் இன்னும் எதையும் ஏற்றவில்லை, வேறெங்கும் பிரதி இல்லை. அந்த ஒரு படத்தை நானே அழித்துவிட்டுக் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்தால் என்ன அழித்தேன் என்று உங்களுக்குக் கடைசி வரை சந்தேகம் இருக்கும். நீங்களும் சபீஹாவும் பார்த்து, எதை வேண்டுமானாலும் அழியுங்கள். கார்டைத் திருப்பித் தர வேண்டியதில்லை. கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஃபிராங்க்ளின்


10.3.2025

ஃபிராங்க்ளின் அவர்களுக்கு,

நோன்பு ஆரம்பித்துவிட்டதால் எழுதத் தாமதம். அதிகாலை எழுந்து, பள்ளிக்குப் போய், சாயங்காலம் கஞ்சி காய்ச்சி முடிப்பதற்குள் நாள் ஓடிவிடுகிறது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்தது கோபம்தான். மறைக்கவில்லை. பொய் சொன்னாரே, பார்த்தாயா என்று இக்பாலிடமே காட்டப் போனேன். பாதிப் படியில் திரும்பிவிட்டேன். நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் எனக்கு எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது. அது மனதை உறுத்தியது.

கார்டை சபீஹாவிடம் கொடுத்தேன். கொடுப்பதற்கு இரண்டு நாள் யோசித்தேன். அவள் லேப்டாப்பில் போட்டு முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள், நான் பக்கத்தில் இருந்தேன். ஆயிரத்துச் சொச்சம் படம். எலுமிச்சைப் புழு ஒன்று கொம்பு நீட்டிக்கொண்டு முறைக்கிறதே, அதைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை, அப்போது.

அந்தப் படம் வந்தது. வெகுநேரம் பார்த்தாள். "மூஞ்சி தெரியலன்னா பரவால்லன்னு நெனச்சிட்டாரா?" என்றாள். அவளே அழித்தாள். பிறகு லேப்டாப்பின் குப்பைத் தொட்டிக்குள் போய் அங்கிருந்தும் அழித்தாள். பிறகு, "மத்ததெல்லாம் நல்லாருக்கும்மா, கார்ட குடுத்துடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ச் சமையலறை ஜன்னலில் நின்று கூட்டைப் பார்க்க ஆரம்பித்தாள். பெண் சிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, மூக்கு மட்டும் வெளியே தெரிகிறது. அடைகாக்கிறதா?

இன்னொன்று. தையல் கடையில் ஒரு பேச்சு காதில் விழுந்தது. உங்கள் கோயிலில் முதல்முறை அப்பம் வாங்கும் புதுநன்மைப் பிள்ளைகளை வருடா வருடம் நீங்கள்தான் படம் எடுப்பீர்களாம். இந்த வருடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். உண்மையா?

கார்டு உள்ளே இருக்கிறது.

ஃபாத்திமா


13.3.2025

ஃபாத்திமா டீச்சர் அவர்களுக்கு,

கார்டு கிடைத்தது. சபீஹா கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் ஒன்றுதான். ஆமாம், அப்படித்தான் நினைத்துவிட்டேன். அவளிடம் சொல்லுங்கள்.

சிட்டு அடைகாக்கத்தான் செய்கிறது. இரண்டு முட்டை இருக்கும். அடையில் உட்கார்ந்ததிலிருந்து பதினைந்து நாளில் பொரிக்கும், அதற்கப்புறம் இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனால் குஞ்சு பறந்துவிடும். ஜன்னலுக்கு உள்ளிருந்தே பாருங்கள், அது போதும். கிட்டே போனால் காக்கை கவனிக்கும். நாம் எதை எட்டிப் பார்க்கிறோம் என்று பார்த்துவிட்டுத்தான் அது வரும்.

கோயில் விஷயம் உண்மைதான். பங்குப் பேரவைச் செயலாளர் மைக்கேல்ராஜ் வந்திருந்தார். காபி கொடுத்தேன். குடித்துவிட்டு, "இந்த வருஷம் ஒரு ஸ்டுடியோக்காரங்ககிட்ட சொல்லிட்டோம் சார், நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பதினொரு வருடமாக அந்தப் பிள்ளைகளின் வெள்ளை உடுப்பையும் மெழுகுவர்த்தியையும் நான்தான் எடுத்தேன். முதலில் எடுத்த பையன் இப்போது இன்ஜினியரிங் படிக்கிறான்.

வருத்தம் இல்லை என்று எழுதினால் மறுபடி பொய்யாகிவிடும். கோயிலில் கடைசி வரிசையில் உட்காருகிறேன். எனக்கும் தவக்காலம் நடக்கிறது, அதோடு சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் அதற்காக நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். யார் எதைக் கேட்டாலும் முதலில் உங்கள் பெண்ணின் கதைதான் வெளியே வரும். அது வரக்கூடாது.

ஃபிராங்க்ளின்


23.3.2025

ஃபிராங்க்ளின் அண்ணனுக்கு,

நேற்று நீங்கள் ஒரு பேரீச்சம்பழம்கூட எடுக்காமல் போய்விட்டீர்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் வீட்டுக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை நாங்கள். அதனால் இந்தக் கடிதத்தோடு கஞ்சித் தூக்குவாளியும் வருகிறது. வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த மழையை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மார்ச்சில் இவ்வளவு காற்று நான் பார்த்ததில்லை. வயர் அறுந்து, குஞ்சு பொரித்து ஒரு வாரம்கூட ஆகாத கூடு துவைக்கிற கல் மேல் விழுந்தது. இக்பால், விடு அக்கா, போனது போகட்டும் என்றான். சபீஹாதான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மழையில் ஓடிச் சுவர் ஓரத்தில் நின்று, "அங்கிள், கூடு விழுந்திருச்சு, சீக்கிரம் வாங்க" என்று கத்தினாள். வீட்டுக்கு வெளியே கேட்கும்படி அவள் குரல் எழுப்பி ஏழு மாதம் ஆகிறது.

நீங்கள் எங்கள் கேட்டுக்குள் வந்ததிலிருந்து போகிறவரை தலையை நிமிர்த்தவே இல்லை என்பதை நான் கவனித்தேன். கூடு, கயிறு, கொக்கி, பாண்டேஜ் துணி, இவ்வளவுதான் உங்கள் கண் பார்த்தது. இக்பால் தானாகவே குடை கொண்டுவந்து உங்கள் தலைக்கு மேல் பிடித்ததையாவது பார்த்தீர்களா? கல்லில் விழுந்து செத்த குஞ்சை சபீஹா கறிவேப்பிலைச் செடியடியில் புதைத்தாள். மற்றதை நீங்கள் உள்ளே வைத்துக் கட்டிவிட்டுப் போன பிறகு நாங்கள் மூன்று பேரும் சமையலறை இருட்டில் நின்றோம். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு மறுபடி ஜன்னலுக்கு வந்தோம். வெளிச்சம் போகிற நேரத்தில் தாய்ச் சிட்டு வந்தது. இரண்டு முறை சுற்றியது, பழைய இடத்தில் தேடியது, பிறகு புதுக் கயிற்றில் தொற்றிக்கொண்டு உள்ளே தலையை விட்டது. இக்பால்தான் முதலில் "வந்துருச்சு" என்றான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். நான் கேட்கவில்லை. சபீஹாவிடம் கேட்டேன், "என் பேர் வரணும்னு இல்ல, ஆனா நீ சொன்னத நீதான் திருப்பி வாங்கணும்" என்றாள். காலை ஒன்பது மணிக்குப் பால் பூத்துக்குப் போனேன். அதே ஆட்கள்தான். மைக்கேல்ராஜும் பால் வாங்க வந்திருந்தார். போன மாதம் நான் ஃபிராங்க்ளின் அண்ணனைப் பற்றி இங்கே நின்று சொன்னது தவறு, அவர் குருவிக்கூட்டைத்தான் எடுத்தார், நேற்று அதே கூட்டை மழையில் நனைந்துகொண்டு எங்கள் வீட்டில் வந்து கட்டிக் கொடுத்தார் என்று சொன்னேன். பூத்து நடத்தும் வீணாவுக்குப் புரியட்டும் என்று கன்னடத்திலும் ஒருமுறை சொன்னேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் முன் முப்பது வருடமாகப் பேசுகிறவள்தான், எட்டுப் பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது.

அந்த ஒரு படத்தைப் பற்றி அங்கே சொல்லவில்லை. அது நம் இரண்டு வீட்டுக்குள் தீர்ந்த விஷயம்.

உங்கள் எண்ணைத் தடுத்து வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். ஆனாலும் எழுதுங்கள். எழுதினால் யோசித்து எழுதுகிறோம்.

ஃபாத்திமா


26.3.2025

அன்புள்ள ஃபாத்திமா டீச்சருக்கு,

தூக்கைக் கழுவி இத்துடன் அனுப்புகிறேன். கஞ்சியை மெல்போர்னுக்கு வீடியோவில் காட்டினேன். கேரல் பொறாமைப்பட்டாள். நடந்ததையெல்லாம் இப்போதுதான் அவளிடம் சொன்னேன். ஒரு மாதமாக மறைத்ததற்கு அரை மணி நேரம் திட்டினாள். அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னபோது மட்டும் திட்டவில்லை, போனை வைத்துவிட்டாள். அதுதான் கஷ்டமாக இருந்தது.

நீங்கள் பால் பூத்தில் பேசியதை எனக்கு மூன்று பேர் வந்து சொன்னார்கள். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள், ஒருவர் கணக்கில் நான் பாம்பையே பிடித்திருக்கிறேன். மைக்கேல்ராஜ் திங்கட்கிழமை சாயங்காலம் வந்தார். நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல், "ஸ்டுடியோக்காரங்களுக்கு வாக்கு குடுத்தாச்சு சார், இப்ப மாத்துனா நல்லாருக்காது" என்றார். மாற்ற வேண்டாம் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். கேமராவுக்குப் பின்னால் இருந்து எந்த வருடமும் நான் அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு பாட்டுக்கூடப் பாடியதில்லை. இந்த வருடம் பாடப்போகிறேன். அடுத்த வருடம் கூப்பிட்டால் யோசிப்போம்.

கேமராவை இன்று பீரோவிலிருந்து எடுத்துத் துடைத்தேன். பயப்படாதீர்கள், என் பக்கத்துச் செம்பருத்திக்குத்தான். ஆண் சிட்டு தேன் குடிக்க இங்கேதான் வருகிறது. குடித்துவிட்டு உங்கள் பக்கம் பறந்து போய்விடுகிறது. அப்புறம் என்ன செய்கிறது என்று என்னால் பார்க்க முடியாது. முன்பு அது பெரிய குறையாக இருந்திருக்கும். இப்போது உங்கள் ஜன்னலில் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஓணான் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

பெருநாள் வாழ்த்துகளை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஃபிராங்க்ளின்


6.4.2025

அன்புள்ள ஃபிராங்க்ளின் அண்ணனுக்கு,

புதன்கிழமை காலை எட்டே காலுக்குக் குஞ்சு பறந்துவிட்டது. நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சபீஹா இரண்டு நாளாக ஜன்னலை விட்டு நகரவில்லை. ஜன்னல் கம்பியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். முதலில் தலை வந்தது. உள்ளே போனது. தாய் எதிரே கறிவேப்பிலைச் செடியில் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. பிறகு ஒரே நொடி, செடிக்குப் போய்விட்டது. அங்கே போய் எப்படிப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் தலைகீழாகத் தொங்கியது. நான் பள்ளிக்கு இருபது நிமிடம் தாமதம். தலைமையாசிரியையிடம் காரணம் சொல்லவில்லை.

சபீஹா எடுத்ததில் ஒரு படம் நன்றாக விழுந்திருக்கிறது. கூட்டின் வாசலில் குஞ்சு, அதன் வாய்க்குள் தாயின் மூக்கு. நீங்கள் கட்டிய பாண்டேஜ் துணியும் தெரிகிறது.

இப்போது உங்களிடம் சொல்லியே ஆக வேண்டிய விஷயம். செப்டம்பரில் அவள் இணையத்தில் இருந்த தன் கணக்கு எல்லாவற்றையும் மூடினாள். எங்கேயும் அவள் பெயர் இருக்கக்கூடாது என்று ஒவ்வொன்றாக எடுத்தாள். கல்லூரி இணையதளத்தில் பரிசு வாங்கியவர் பட்டியலில் இருந்த பெயரைக்கூட எடுக்கச் சொல்லி எழுதினாள். நேற்று மத்தியானம் என்னைக் கூப்பிட்டு லேப்டாப்பைக் காட்டினாள். பறவை பார்க்கிறவர்கள் படம் போடும் ஒரு தளம். அந்தப் படத்தைப் போட்டிருக்கிறாள். ஊர் பெங்களூரு, இடம் வீட்டுத் தோட்டம் என்று எழுதியிருந்தது. எடுத்தவர் என்ற இடம் காலியாக இருந்தது. கர்சர் மின்னிக்கொண்டிருந்தது.

வேண்டாம் என்று என் வாய் வரை வந்தது. யாராவது தேடிக் கண்டுபிடித்து அங்கேயும் வந்து ஏதாவது எழுதினால்? அவள் மறுபடி அறைக்குள் போய்விட்டால்? நீங்கள் அங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று தெரியவில்லை. நான் சமையலறைக்குப் போய் அடுப்பில் ஒன்றும் இல்லாமலே கொஞ்ச நேரம் நின்றேன்.

திரும்பி வந்தபோது எழுதி முடித்திருந்தாள். அவள் பெயர், அவள் அத்தா பெயர், இரண்டும் முழுதாக.

இன்று காலை அதன் கீழே யாரோ ஒரு வரி எழுதியிருந்தார்கள். சபீஹா குளித்துக்கொண்டிருந்தாள். திறந்து படிக்க எனக்குத் தைரியம் வரவில்லை, அவள் வரும்வரை லேப்டாப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலை ஈரத்தோடு வந்து அவளே திறந்து சத்தமாகப் படித்தாள். தஞ்சாவூரிலிருந்து ஒரு அம்மாள், கூட்டைச் சுற்றிப் பாண்டேஜ் துணி கட்டியது யார் என்று கேட்டிருக்கிறார்.

சபீஹா ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு பதில் அடிக்க உட்கார்ந்துவிட்டாள். உங்களை என்ன பெயர் போட்டு எழுதுவது, வெறும் பக்கத்து வீட்டுக்காரர் என்று போதுமா, இல்லை பெயரும் போடலாமா என்று கேட்டு வரச் சொன்னாள். அனுமதி இல்லாமல் போட மாட்டாளாம். சீக்கிரம் சொல்லி அனுப்புங்கள், காத்துக்கொண்டிருக்கிறாள்.

ஃபாத்திமா